பின்னங்காலில் 70 வீதம்: என் கறுப்புப் பட்டிக் குறிப்புகள்

வெள்ளவத்தையில் எங்கள் கராத்தே வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கறுப்புப் பட்டி எடுக்க எத்தனை வருசம் செல்லும்?" 2015இல் எட்டு வயது மகளைச் சேர்க்கப் போனபோது நானும் அதையே கேட்டேன். மாஸ்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பிள்ளை, நாளைக்கு நீங்களும் வந்து நில்லுங்கோ, பிறகு கேளுங்கோ" என்றார். அப்போது எனக்கு வயது 38. மகள் இரண்டு ஆண்டுகளில் பரதநாட்டியத்துக்கு மாறிவிட்டாள். நான் தொடர்ந்து போனேன். 2022 நவம்பரில் கராத்தேயின் ஷோத்தோக்கான் பிரிவில், கறுப்புப் பட்டியின் முதற்படியான முதலாம் டான் கிடைத்தது. அதற்குப் பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயின்றுவிட்ட நிலையில், அந்தப் பட்டி எதற்கு அத்தாட்சி என்று நான் கண்டதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதல் ஆறு ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். வாரத்தில் இரண்டு மாலைகளும் ஞாயிறு காலையும் வகுப்பு. வெள்ளையில் தொடங்கி மண்ணிறம் வரை, எண் குறைந்துகொண்டே போகும் கியூ தரங்கள். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் கலந்து நிற்கும் அந்த மண்டபத்தில் எல்லோரும் "இச்சி, நி, சன், ஷி" என்று ஜப்பானிய மொழியில்தான் எண்ணுவோம்; அங்கே ஒருவருடைய மொழி இன்னொருவருடையதற்கு முந்தி நிற்பதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே எனக்குப் பிடித்திருந்தது. என்னில் பாதி வயதுடைய பொடியனைச் 'சென்பாய்' (மூத்த மாணவர்) என்று அழைத்து, குனிந்து வணங்கித் திருத்தம் கேட்கவும் அங்கேதான் பழகினேன். வகுப்பு முடிந்து வாசலுக்கு வந்ததும் அவன் தம்பி, நான் அன்ரி.

தரங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் நான் முதல்நாள் கேட்ட கேள்வியிலேயே ஒரு கோணல் இருந்தது தெரிந்தது. 'டான்' என்பது கராத்தேக்குள் பிறந்த சொல் அல்ல. கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்னும் பலகை விளையாட்டில் ஆட்டக்காரரின் வலிமையைக் குறிக்க ஜப்பானில் முன்பே வழங்கிவந்த படிநிலை அது. 1882இல் தோக்கியோவில் கொடோக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவி ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ, அதைத் தம் கலைக்கு எடுத்துக்கொண்டு, 1883இல் மாணவர் இருவருக்கு முதலாம் டான் வழங்கினார். கறுப்புப் பட்டி அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. ஒகினாவாவிலிருந்து 1922இல் தோக்கியோ வந்து கராத்தேயைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனாகோஷி, கானோவின் முறையைப் பின்பற்றி 1924இல் தம் மாணவர்க்கு முதன்முறையாக டான் தரங்களை அளித்தார். துவைக்காமலே கட்டிய வெள்ளைப் பட்டி வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போனதே கறுப்புப் பட்டி என்று வகுப்புகளில் சொல்லப்படும் கதைக்கு இந்த வரலாற்றில் இடமில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடிக்கும்; ஆயினும் நான் அதைச் சொல்வதில்லை.

சொல்வதற்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் டான்களுக்கு எண்ணுப்பெயர்களை இடும் ஜப்பானியர், முதலாவதை மட்டும் ஒன்று என்ற எண்ணால் சொல்லாமல் 'ஷோதான்' என்கிறார்கள். அந்த 'ஷோ' தொடக்கத்தைக் குறிக்கும் எழுத்து. விசயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதுவித்து ஏடு தொடக்குகிறோமே, அந்த இடத்தில் வைக்க வேண்டிய சொல் அது. இதைப் படித்தபோது தலையால் விளங்கிக்கொண்டேன். உடம்புக்கு விளங்கியது 2021 டிசம்பரில் தேர்வில் சித்தியடையாமல் போன பிறகு.

நான் தேர்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டா, அதாவது தனியாக நின்று வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொகுதி, பஸ்ஸாய்-டாய். அதன் நடுப்பகுதியில் கத்திக்கைத் தடுப்பு (விரித்த கையின் ஓரத்தால் தடுப்பது) நான்கு முறை தொடர்ந்து வரும். மூன்று முன்னேறிச் செய்வது, நான்காவது பின்வாங்கிச் செய்வது. நான்கிலும் உடல் நிற்க வேண்டியது பின்னிலையில், அதாவது 'கொக்குட்ஸு டாச்சி'யில். பாரத்தில் ஏறத்தாழ 70 வீதம் பின்னங்காலில், மிகுதி முன்னங்காலில். குதிக்கால்கள் இரண்டும் ஒரே கோட்டில். பின்னங்காலின் முழங்கால், அந்தக் காலின் விரல்கள் நோக்கும் பக்கமாகவே வளைந்து, வெளியே தள்ளி நிற்க வேண்டும்.

கட்டாவை நான் பிழையின்றி முடித்தேன் என்றே நினைத்தேன். மூன்று நடுவர்களில் நடுவில் இருந்தவர், மீண்டும் ஒரு கத்திக்கைத் தடுப்பில் நிற்கச் சொன்னார். நின்றேன். "இப்போது முன்னங்காலைத் தரையிலிருந்து எடுங்கள்" என்றார். என்னால் உடனே எடுக்க முடியவில்லை. முதலில் இடுப்பைப் பின்னால் இழுத்து, பாரத்தை அங்கே மாற்றிய பிறகுதான் பாதம் எழுந்தது. 70 வீதம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட இருக்கவில்லை என்பதை மண்டபம் முழுவதும் பார்த்தது. அடிப்படையும், எதிராளியோடு மோதும் குமித்தேயும் போதும், கட்டாவை மட்டும் ஆறு மாதம் கழித்து மறுபடி செய்துகாட்ட வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். மண்ணிறப் பட்டியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகை வந்தது. மறுநாள் சென்பாய் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அன்ரி, கை எல்லாம் சரி. நீங்க கையை மட்டும் பார்த்துக்கொண்டு செய்யிறீங்க."

அவன் சொன்னது உண்மை. வகுப்பில் ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி உண்டு. ஆறு ஆண்டுகளாக அதில் நான் பார்த்தது என் கைகளையும் முகத்தையும்தான்.

2022இன் தொடக்கத்தில் மின்வெட்டு வந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. வெக்கை தாங்காமல் எங்கள் மாடிவீட்டுத் தொகுதியில் எல்லோரும் இரவில் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். அந்த இருட்டில் நான் ஓர் ஓரமாக நின்று பின்னிலையைப் பழகினேன். கண்ணாடி இல்லை, விளக்கும் இல்லை. கரையோரப் பாதையில் ரயில் போகும்போது மட்டும் ஒரு கணம் வெளிச்சம் வந்து மறையும். ஒருநாள் மகள் வந்து என் பின்னங்கால் முழங்காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உள்ளுக்கு விழுது. அரைமண்டியில நிக்கிற மாதிரி வெளியால தள்ளுங்கோ" என்றாள். அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும் என்று அவளுடைய நடன ஆசிரியை ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவருவது அவளுடைய கையிலேயே இருந்தது. முழங்காலை வெளியே தள்ளிய உடனே தொடையின் வெளிப்புறத்தில், அதுவரை நான் உழைக்க வைத்திராத ஒரு தசை எரியத் தொடங்கியது. பாரம் தானாகப் பின்னால் இறங்கியது.

அன்றிலிருந்து வைத்துக்கொண்ட பயிற்சி மிக எளியது. பின்னிலையில் நின்று, உடலை அசைக்காமல் முன்னங்காலை இரண்டு விரற்கடை உயர்த்தி, பத்து எண்ணி, ஓசை எழாமல் கீழே வைப்பது; ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை. முதல் மாதம் பாதத்தை வைக்கும்போது 'தொப்' என்று சத்தம் கேட்கும். மே மாதத்தில் ஓரிரவு அந்தச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். யூனில் நடக்கவேண்டிய மறுதேர்வு எரிபொருள் தட்டுப்பாட்டால் தள்ளிப்போனது குறித்து அப்போது வருந்தினேன். இப்போது பார்த்தால் அந்த மேலதிக மாதங்கள் எனக்குக் கிடைத்த வரம்.

நவம்பரில் கட்டாவைச் செய்துகாட்டியபோது முன்னங்காலைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு, கட்டாயமில்லை என்றபோதும், குமித்தேயும் செய்யச் சொன்னார்கள். எதிரே நின்ற இளைஞன் தாக்கப்போகும் இடத்தை அறிவித்துவிட்டுத் தனக்கு உகந்த கணத்தில் பாய்ந்தான். நான் அவனுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடல் தானாகப் பின்னிலைக்குள் வழுக்கி இறங்கியிருந்தது. காலைப் பற்றி நான் எண்ணவே இல்லை.

அந்தப் பட்டி எதற்கு அத்தாட்சி என்று என்னைக் கேட்டால் அந்தக் கணத்தைத்தான் காட்டுவேன். நிற்பது, நகர்வது, தடுப்பது ஆகிய அடிப்படைகள் கவனத்தைக் கேட்காமலே நிற்கும் அளவுக்கு உடலில் ஊறிவிட்டன. இனி அந்தக் கவனத்தை எதிராளியின் மேலும், தூரத்தின் மேலும், நேரத்தின் மேலும் செலுத்தக் கற்பிக்கலாம் என்று ஆசிரியர் தரும் ஒப்புதல் அது. தெருவில் ஒருவன் கத்தியோடு வந்தால் வெல்வேன் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. அப்படி நம்பவைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நான் தவறென்றே கருதுகிறேன். நிறம் ஒன்றாக இருந்தாலும் அளவுகோல் ஒன்றல்ல என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அந்தப் பட்டிக்குப் பத்து ஆண்டுகள் செல்வது இயல்பு. டேக்வாண்டோவில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கறுப்புக்குப் பதிலாகச் சிவப்பும் கறுப்பும் பாதிபாதியான 'பூம்' பட்டி தருவார்கள். ஆகவே எத்தனை வருடம் என்பதைவிட, இந்த வகுப்பில் அந்தப் பட்டி கட்டியிருப்பவர் எப்படி நிற்கிறார், எப்படிக் கற்பிக்கிறார் என்று அரைமணி நேரம் இருந்து பார்ப்பது பயன்தரும்.

பட்டி வந்த முதல் மாதம் எனக்குக் கடினமாகவே இருந்தது. புதிய பட்டி விறைப்பானது. முடிச்சு நிற்காது, வகுப்பின் நடுவே இரண்டு முறையாவது அவிழும். மாஸ்டர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஹெய்யான் ஷோதான் கட்டாவின் 21 அசைவுகளையும் கற்பிக்கச் சொன்னார். அந்தக் கட்டாவிலும் கடைசி நான்கு அசைவுகள் பின்னிலையில் நின்று செய்யும் கத்திக்கைத் தடுப்புகள்தான். ஆறு வயதுப் பிள்ளையின் முழங்காலில் கையை வைத்து வெளியே தள்ளும்போதெல்லாம் என் மகளின் உள்ளங்கை நினைவுக்கு வரும்.

எங்கள் வகுப்பில் இரண்டாம் டானுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அது கடந்துவிட்டது, நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. போன ஞாயிறு பஸ்ஸாய்-டாயை இடைவிடாமல் பத்து முறை செய்தேன். ஏழாவது முறையில், களைப்பு ஏறியதும், இடது முழங்கால் உள்ளே விழத் தொடங்கியது. கண்ணாடியைப் பார்க்காமலே தெரிந்தது. இந்த வாரம் மொட்டை மாடியில் வலப்பக்கத்துக்குப் பத்து, இடப்பக்கத்துக்கு இருபது.