ராய கோபுரத்தடியில் ஒரு தமிழ் வகுப்பு

நம் பள்ளிப் பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. ஆஸ்டல் சாப்பாடு பற்றி எழுதுங்கள், அதைத்தான் எல்லாரும் விரும்பிப் படிப்பார்கள் என்றார்கள். நம் ஆஸ்டல் சாம்பாரைப் பற்றிப் போன மூன்று மலர்களிலும் எழுதியாகிவிட்டது, இனி அதில் மிச்சம் இருப்பது தண்ணீர் மட்டும்தான். அதனால் வேறு விஷயம்.

இங்கே மெல்போர்னில், நான் அவ்வப்போது சிறுகதை எழுதுகிறவன் என்று தெரிந்த ஒரு தம்பி, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது கேட்டார்: "அண்ணே, கதையை முன்னாடியே திட்டம் போட்டு எழுதுவீங்களா, இல்ல ஆவியானவர் ஏவுறபடி விட்டுடுவீங்களா?" எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. திட்டம் போட்டால் மாம்சம், அதாவது வெறும் மனுஷ யத்தனம், போடாவிட்டால் ஆவி. நான் சிரித்து மழுப்பிவிட்டேன், ஆனால் கார் ஓட்டி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனசு மதுரை எழுகடல் தெருவில்தான் நின்றது.

1984, பிளஸ் ஒன். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ராஜா உடுப்பு தைக்கக் கொடுக்க, நம் தமிழ் ஐயா எங்கள் நாலு பேரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துக்குக் கூட்டிப் போனார். (அந்தத் தையற்காரர்களையும் புத்தகக் கடைகளையும் இப்போது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்குத் தூணுக்குத் தூண் தையல் மிஷின், தலைக்கு மேலே யாளி.) அளவு கொடுத்துவிட்டு டீ குடிக்க வெளியே வந்தோம். எதிரே ராய கோபுரம். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு கோபுரம் என்பதே அன்றைக்குத்தான் தெரியும், கடைகளுக்கு நடுவே ஏதோ பெரிய கல் சுவர் என்று நினைத்திருந்தேன். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் ஆரம்பித்தது. எழும்பியிருந்தால் மற்ற கோபுரங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருக்கும் என்பார்கள். கல் வேலையோடு நின்றுபோனது.

ஐயா டீ கிளாஸை வைத்துவிட்டு, "லூக்கா பதினாலு, இருபத்தெட்டு. எவனாவது சொல்லுங்கடா" என்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசின மனுஷர், ஆனால் மிஷன் பள்ளியில் அத்தனை வருஷம் வேலை பார்த்ததில் வசனம் எங்களைவிட அவருக்கு நன்றாக வரும். நாங்கள் முழித்தோம். அவரே சொன்னார். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான், பார்க்காவிட்டால் அஸ்திபாரத்தோடு நின்றுவிடும், போகிற வருகிறவன் எல்லாம் பரியாசம் பண்ணுவான். "நான் குறிப்புச் சட்டகம் போடச் சொன்னா முனகுறீங்களே, இயேசுநாதரே சொல்லியிருக்கார்டா!" கட்டுரைக்கு மட்டும் இல்லை, கதைக்கும் அவருக்கு அதே சட்டம்தான். கடைசி வரியை முதலில் எழுதி வை, அப்புறம் ஆரம்பி.

இதற்கு நேர் எதிர், ஆஸ்டலுக்கு மாலை ஜெபம் நடத்த வந்த ரிட்டயர்ட் உபதேசியார். கையில் காகிதம் இருக்காது. வேதத்தில் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கின ரூத்தின் கதையை எடுத்தால் பெத்லகேம் போய்ச் சோழவந்தான் வயல் வந்துவிடும், அரிவாள் சத்தம், வரப்பில் தூக்குச்சட்டி, கண்காணி போடும் அதட்டல், போவாஸ் சைக்கிளில் வந்து இறங்காத குறைதான். இதெல்லாம் அந்த நிமிஷமே மேலிருந்து இறங்குகிறது என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

நான் உபதேசியார் கட்சி. ஆண்டு மலர் கதைப் போட்டிக்கு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டு, ஒரு குறிப்பும் இல்லாமல் நாற்பது பக்க நோட்டைத் திறந்தேன். என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்ற மத்தேயு 10:19 எனக்குத் துணை. முதல் ஆறு பக்கம் பறந்தது. இருபதாம் பக்கத்தில் கதாநாயகனுக்கு இரண்டு அம்மா இருந்தார்கள், ஏனென்றால் முதல் அம்மாவை உசிலம்பட்டியில் விட்டுவிட்டு வந்ததை நான் மறந்துபோனேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் பதினொரு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், வைகையில் வெள்ளம் வரவழைத்து மொத்தமாக அனுப்பிவிட்டேன். ஐயா சிவப்பு மையில் எழுதியிருந்தது: "வைகையில் இவ்வளவு தண்ணீரை நீ எங்கே பார்த்தாய்?" அதற்குக் கீழே ஒரே வார்த்தை. "கோபுரம்."

அழாத குறையாக உபதேசியாரிடம் போனேன். நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை அவர். "தம்பி, மத்தேயு பத்துல ஆண்டவர் அதை யாருக்குச் சொன்னார்? கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தப்படுறவனுக்கு. உனக்குத்தான் ஒரு மாசம் தவணை இருந்துச்சுல்ல?" சரி, ரூத் மட்டும் உங்களுக்கு எப்படி அப்படி வருகிறது என்று கேட்டேன். உபதேசியார் வேலைக்கு வருவதற்கு முன்னால் சோழவந்தான் பக்கம் கூலிக்குக் கதிர் அறுத்தவராம், அதைச் சொன்னார். "யோவான் பதினாலுல ஆவியானவர் என்ன செய்வார்னு போட்டிருக்கு? நினைப்பூட்டுவார். உள்ள ஏதாவது கிடந்தாத்தானே தம்பி நினைப்பூட்ட முடியும்."

அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. நானே எழுத ஆரம்பித்துப் பல வருஷம் ஆன பிறகு, எழுதுகிறவனாக வேதத்தைப் புரட்டியபோதுதான் புரிந்தது. லூக்கா தன் சுவிசேஷத்தின் ஆரம்பத்திலேயே, எல்லாவற்றையும் விசாரித்து அறிந்து ஒழுங்காய் எழுதுகிறேன் என்கிறார். புலம்பல் புத்தகம் இன்னும் விசேஷம். எருசலேம் அழிந்ததைப் பார்த்து அழுகிற பாட்டு, ஆனால் எபிரெயுவில் முதல் நாலு அதிகாரமும் அகரவரிசை, 22 எழுத்துக்கு 22 வசனம், மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. அழுகைக்கே குறிப்புச் சட்டகம்! அந்தாதி பாடிப் பழகின நமக்கு இது ஆச்சரியமாக இருக்கக் கூடாது. எரேமியா 36-ல் யோயாக்கீம் ராஜா சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து அக்கினியில் போட்டுவிடுகிறான். எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தன் பாருக்கு என்பவன் வேறொரு சுருளில் மறுபடி எழுதுகிறான், பழையதோடு இன்னும் அநேக வார்த்தைகள் சேருகின்றன. "இது கர்த்தர் கொடுத்தது, ஒரு வரியும் மாற்ற மாட்டேன்" என்று கதையோடு வருகிற சகோதரர்களுக்கு நான் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுவது.

ஆனால் ஐயா சொன்னதும் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். 1678-ல் வந்த மோட்சப் பிரயாணத்தை ஜான் பனியன் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தபோது திடீரென்று உருவகக் கதைக்குள் விழுந்துவிட்டேன் என்று அதன் முன்னுரைப் பாட்டில் அவரே சொல்கிறார். அதே கதையை நம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை பருவம், படலம் என்று பிரித்து, 3,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளில் இரட்சணிய யாத்திரிகமாக 1894-ல் கொடுத்தார். சட்டகம் இல்லாமல் நடக்கிற காரியமா அது? ஒருவர் தடுக்கி விழுந்த இடத்தில் இன்னொருவர் நூல் பிடித்துக் கட்டியிருக்கிறார். இதில் எது மாம்சம் என்று அந்தத் தம்பியிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

இப்போது கையில் இருக்கிற கதை, திருமங்கலம் பக்கத்துச் சபை ஒன்றின் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த காய்கறியையெல்லாம் ஏலம் விடுகிற நாள். சொத்துத் தகராறில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி. தம்பி ஆராதனையில் எழுந்து மன்னிப்புக் கேட்பான், அண்ணன் அழுவான் என்று ஒழுங்காகச் சட்டகம் போட்டேன், ஐயா சொன்னபடி கடைசி வரியும் எழுதி வைத்தேன். நல்ல வரி. ஏலத்தை எழுதும்போது, காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயைத் தம்பி ஐம்பது ரூபாய்க்குக் கேட்டான். நூறு என்றது அண்ணன் குரல். எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், சின்ன வயதில் எங்கள் பாட்டி ஊர்ச் சபையில் ஒரு கட்டு முருங்கைக்காய்க்காக இரண்டு பங்காளிகள் இப்படித்தான் மல்லுக்கு நின்றார்கள், சுத்தமாக மறந்துபோயிருந்தேன். விட்டுப் பிடித்தேன். பூசணிக்காய் 2,300 ரூபாய்க்குப் போனது. சபையே கைதட்டியது. மன்னிப்பு எங்கேயோ போய்விட்டது, அந்த நல்ல கடைசி வரியை அடித்துவிட்டேன்.

என் மனைவி படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அது சரி, அந்தப் பூசணிக்காயை யார் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க?"

மூன்று வாரமாக யோசிக்கிறேன். நம்மில் யாராவது அந்தப் பக்கத்து அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட்டவர்கள் இருந்தால், மலர்க் குழு மூலமாக எனக்கு நாலு வரி எழுதுங்கள்.