அலை இல்லாத இடத்துக்கும் வந்து சேர்ந்த அலைச்சறுக்கு

போன மாதம் முதல்முறையாக ஒரு சப் பந்தயத்தில் கலந்துகொண்டேன். சப் என்றால் ஸ்டாண்ட் அப் பேடில், அதாவது பலகை மேல் நின்றபடியே துடுப்பு வலித்துப் போவது. 6 கிலோமீட்டர், சுற்றித் திரும்ப நான்கு மிதவைகள், 14 அடிப் பலகை. முதல் மிதவையில் நன்றாகத் திரும்பினேன், இரண்டாவதில் விழுந்தேன், பலகையில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் என் கூட்டம் மொத்தமும் போய்விட்டது. அன்றிலிருந்து தலைக்குள் அந்த இரண்டாவது மிதவைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதினால் கொஞ்சம் தெளியும் என்று தோன்றுகிறது.

கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இந்தப் பந்தயம் ஒரே மாதிரி ஓடுவதாகத் தெரியலாம், ஆனால் மிதவைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நேராகப் போகும்போது பலகையின் நடுவில் இரண்டு பாதமும் இணையாக, முழங்கால் லேசாக மடங்கி நிற்கிறோம். மிதவை நெருங்கியதும் ஒரு காலைப் பின்னே எடுத்து வைத்து, இன்னும் ஓர் அடி வைத்து, கிட்டத்தட்ட வால் வரைக்கும் நடந்து போக வேண்டும். எடை பின்னால் போனதும் வால் அமிழும், மூக்கு தண்ணீரை விட்டு மேலே எழும்பும். 14 அடி நீளத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது கொஞ்ச தூரம்தான் என்பதால் பலகை பம்பரம் மாதிரி சுழலத் தயாராக இருக்கும், அந்த நேரத்தில் துடுப்பை அகலமாக வளைத்து வலித்தால் மூக்கு சுற்றி வந்துவிடும். வந்ததும் உடனே நடுவுக்கு ஓட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் அதுவரை சேர்த்த வேகம் செத்துவிடும். இத்தனையும் இரண்டடிகூட அகலமில்லாத பலகையில், அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் அதே மிதவைக்காக முட்டிமோதும்போது நடக்க வேண்டும்.

பின்னங்காலால் வாலை அழுத்தித் திருப்புகிற இந்த வித்தை அலைச்சறுக்கிலிருந்து வந்தது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே நடப்பதோ முழுக்க முழுக்கப் படகோட்டம். துடுப்பை முன்னால் எட்டிக் குத்தி, அதன் தட்டையான அலகு மொத்தமும் மூழ்கிய பிறகே வலிக்க வேண்டும், பாதத்தைத் தாண்டி வலித்தால் தண்ணீரை மேலே தூக்குவதுதான் மிச்சம். பலம் தோளிலிருந்து வரக்கூடாது, இடுப்பும் முதுகும் திரும்புவதிலிருந்து வர வேண்டும். அலைச்சறுக்கா படகோட்டமா என்று ஒரு பக்கமாகப் பிரிக்க முடியாததுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. அதுவே பெரிய வழக்காகவும் ஆனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெரிய பலகைகளில் துடுப்போடு எழுந்து நின்றிருக்கிறார்கள். நின்றால் வருகிற அலை தூரத்திலேயே தெரியும், மாணவர்களைக் கவனிக்கலாம், படமும் எடுக்கலாம். அப்புறம் பல வருடம் இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவாமல் கிடந்தது. 2000களின் தொடக்கத்தில் லெயர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அலை இல்லாத நாட்களில் உடற்பயிற்சிக்காக எடுத்துச் செய்யப்போய் மறுபடி உயிர் பெற்றது. ஹவாயின் மோலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவு வரை 32 மைல் திறந்த கடலைக் கடக்கும் பந்தயம் ஏற்கெனவே இருந்தது, படுத்துக் கையால் துழாவிப் போகிறவர்களுக்காக. அதில் நின்று போகிறவர்களும் சேர்ந்தார்கள். 2008இல் கலிஃபோர்னியாவில் பேட்டில் ஆஃப் தி பேடில் என்ற சப் பந்தயம் தொடங்கியது. அங்கேதான் உடைகிற அலைக்குள் புகுந்து வெளியேறி, மிதவை சுற்றி, மறுபடி கரைக்கு ஓடிவரும் பந்தய முறைக்குப் பெரிய பெயர் கிடைத்தது என்பேன்.

2012இல் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் பெரு நாட்டில் முதல் சப் உலகப் போட்டியை நடத்தியது. சங்கத்தின் போட்டிகளில் 200 மீட்டர் விரைவோட்டம் உண்டு, மிதவைகள் நிறைந்த நுட்பப் பந்தயம் உண்டு, நெடுந்தூரமும் உண்டு. சில வருடங்களில், கனோ என்கிற துடுப்புப் படகுகளுக்கான சர்வதேச கனோ கூட்டமைப்பு, துடுப்பு என்றால் அது எங்கள் விளையாட்டு என்று வந்து நின்றது, 2019இல் சீனாவின் சிங்தாவ் நகரில் தன் பங்குக்கு ஒரு உலகப் போட்டியையும் நடத்தியது. விஷயம் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய் 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒலிம்பிக் மட்டத்தில் பொறுப்பு அலைச்சறுக்குச் சங்கத்துக்கு, மற்றபடி கனோ கூட்டமைப்பும் போட்டிகள் நடத்தலாம். தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பலகையும் அதைத் திருப்பும் முறையும் எங்கே பிறந்தன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு உலகப் போட்டிகள், இரண்டு உலகச் சாம்பியன்கள் என்ற நிலை வீரர்களுக்கு நல்லதில்லை. எந்தப் போட்டிக்குத் தயாராவது, எதற்குக் கையிலிருக்கும் பணத்தைச் செலவழிப்பது என்று அவர்கள்தான் தவிக்கிறார்கள்.

சப் இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. பான் அமெரிக்கன் விளையாட்டுகளில் 2019இலேயே சேர்ந்துவிட்டது. அலைச்சறுக்கு மட்டும் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது, 40 பேர் கலந்துகொண்டார்கள், பிரேசிலின் இடாலோ ஃபெரேராவும் ஹவாயின் கரிஸா மூரும் தங்கம் வாங்கினார்கள். அடுத்ததாக 2024இல் 48 பேர். பாரிஸ் ஒலிம்பிக் என்று பெயர், அலைக்காகப் போட்டியைப் பாரிஸிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி தஹித்தித் தீவின் தேயாஹுப்போவுக்குக் கொண்டுபோனார்கள்! அந்த அலையை நான் குறை சொல்ல மாட்டேன், பார்த்தவர்கள் யாருமே சொல்ல மாட்டார்கள். ஆனால் உலகத் தரப் போட்டிக்கு ஓர் அலை வேண்டும் என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அலைச்சறுக்கு உலகம் முழுக்கப் பரவிய கதையைப் பலரும் சொல்கிறார்கள். கனமான மரத்துக்குப் பதில் நுரைப் பலகை வந்தது, குளிர்ந்த கடலிலும் இறங்க நியோப்ரீன் உடை வந்தது, பலகையைக் காலோடு கட்டும் கயிறு வந்தது, நாளை எங்கே எவ்வளவு அலை என்று முன்கூட்டியே சொல்லும் கணிப்புகள் வந்தன. 2015இல் அலைச்சறுக்குச் சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, கலிஃபோர்னியாவின் லெமூரில், இயந்திரத்தால் அலை எழுப்பிக் காட்டினார். சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தில் இன்று 100க்கும் மேற்பட்ட நாட்டுக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் ஆட்கள் கூடினார்களே தவிர நல்ல அலை கூடவில்லை. ஓர் அலை ஓர் இடத்தில்தான் உடைய ஆரம்பிக்கும், அந்த இடத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்க முடியும். நாற்பது பேர் காத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் இரண்டே அலை கிடைத்துத் திரும்புகிற நாளும் உண்டு.

அந்தக் கூட்டத்துக்குள் சப் பலகையோடு போகிறவர்கள் மேல் கோபம் வருவது நியாயம்தான். நின்றபடி இருப்பதால் அலை நமக்கு முதலில் தெரிகிறது, துடுப்பு இருப்பதால் முதலில் நாம்தான் போய்ச் சேர்கிறோம். படுத்துக் காத்திருப்பவர் பார்க்கும்போதே அவருடைய அலையை எடுத்துக்கொள்ள முடியும். முடியும் என்பதற்காகச் செய்யாதீர்கள். மூன்று அலை வந்தால் இரண்டை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கூட்டமில்லாத இடத்துக்குப் போங்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது அலையே தேவைப்படாத சப் பந்தயம்தான். ஹங்கேரிக்குக் கடலே கிடையாது. அங்கிருந்து வந்த புருனோ, டேனியல் ஹஷூயோ சகோதரர்கள் உலகின் முன்னணிப் பந்தய வீரர்கள். நெதர்லாந்தில் ஃப்ரீஸ்லாந்தின் கால்வாய்கள் உறைந்த காலத்தில் பனிச்சறுக்குக் காலணியோடு பதினோரு நகரங்களைச் சுற்றி வருவார்களே, ஏறக்குறைய அதே பாதையில் 220 கிலோமீட்டரை ஐந்து நாளில் துடுப்பு வலித்தே கடக்கிறார்கள். டென்மார்க்கின் காஸ்பர் ஸ்டைன்ஃபாத் 2017இல் ஸ்காகராக் கடலைத் தாண்டி நார்வே வரை போனார். ஏரியோ ஆறோ கால்வாயோ போதும் என்றான பிறகு, கடலையே பார்க்காத ஊர்ப் பிள்ளைகளும் இதில் உலகச் சாம்பியன் ஆகலாம்.

பந்தயத்தில் நான் கற்ற இன்னொரு விஷயம், முன்னால் போகிறவரின் அலையில் ஒட்டிக்கொள்வது. ஒவ்வொரு பலகையும் வாலுக்குப் பின்னே ஒரு சின்ன அலையை இழுத்துக்கொண்டு போகிறது. அதன் மேல் நம் பலகையின் மூக்கை ஏற்றி வைத்துவிட்டால் கைக்கு வேலை சட்டென்று குறைகிறது, அதே வேகத்தில் மூச்சு இறங்குவதை உணரலாம். ஒரு முழம் பின்தங்கினால் அந்த அலை நழுவிவிடும், மறுபடி பிடிக்க உயிரைக் கொடுக்க வேண்டும். முறையோடு ஆடுகிற கூட்டத்தில் மாறி மாறி முன்னால் போவார்கள், யார் முன்னால் போகாமலே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இதே பலகைதான், ஓர் அலை மேல்தான் போகிறோம், ஆனால் அந்த அலையைச் செய்தது பக்கத்தில் மூச்சிரைக்கும் ஒரு மனிதர்.

புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2020க்குப் பிறகு காற்று நிரப்பிப் பயன்படுத்தும் பலகைகள் ஏராளமாகப் பரவின, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே நிறையப் பேர் தண்ணீரில் இறங்கினார்கள். 2021 அக்டோபரில் வேல்ஸில் வெள்ளம் ஓடிய ஓர் ஆற்றின் தடுப்பணையில் சப் போனவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள். ஓடுகிற தண்ணீரில் கணுக்காலில் கயிறு கட்டாதீர்கள். கயிறு எதிலாவது மாட்டினால் நீரோட்டம் உங்களைக் கீழே அழுத்திப் பிடிக்கும், அப்போது கணுக்கால் வரை கை எட்டாது. இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றும் வகைதான் வேண்டும். கரையிலிருந்து வெளியே வீசும் காற்றில் நிற்கிற உடம்பு பாய்மரம் மாதிரி, திரும்ப முடியவில்லை என்றால் மண்டியிடுங்கள், அதுவும் போதவில்லை என்றால் படுத்துக் கையால் துழாவி வாருங்கள். எது நடந்தாலும் பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள்.

சரி, இரண்டாவது மிதவைக்கு வருகிறேன். முதல் மிதவை இடப்பக்கத் திருப்பம். எனக்கு வலது கால்தான் பின்னே போகும், உடம்பு வலப்பக்கம் பார்க்கும், துடுப்பும் வலப்பக்கம்தான், அதனால் எல்லாம் தானாக அமைந்தது. இரண்டாவது வலப்பக்கம். துடுப்பை என் முதுகுப் பக்கம் கொண்டுபோய் வலிக்க வேண்டும், வால் அமிழ்ந்திருக்கும்போது எடை குதிகாலுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான், விழுந்தாயிற்று. பயிற்சியில் இதுவரை நான் வலப்பக்கம் திரும்பியதே குறைவு என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்த மாதம் முழுக்கக் காற்று எழுவதற்கு முன்னால் போய் ஒரே மிதவையை வலப்பக்கமாகவே சுற்றுகிறேன். நேற்று இருபது தடவையில் ஒன்பது தடவை விழாமல் திரும்பினேன்.