மணலும் பொடியும் பிரிந்த மேசை

அறிவியலையும் கலையையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதாக அறிவித்திருந்த ஒரு திருவிழாவில் நான் தன்னார்வலராக இரண்டு நாட்கள் நின்றேன். எனக்கு ஒதுக்கிய மேசையில் ஒரு சதுரப் பித்தளைத் தகடும், அதன் நடுவைக் கவ்விப் பிடிக்கும் தாங்கியும், பழைய வயலின் வில் ஒன்றும், ஒரு டப்பா உலர்ந்த மணலும் இருந்தன. தகட்டின்மேல் மணலைத் தூவி, விளிம்பில் ஓரிடத்தை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு, வேறோர் இடத்தில் வில்லை மேலிருந்து கீழாக இழுத்தால் காதைத் துளைக்கும் ஒரு சுரம் எழும். அந்தக் கணமே மணல் துள்ளிச் சிதறி, எங்கிருந்தோ கட்டளை வந்ததுபோல் கோடுகளாக ஒதுங்கி நிற்கும். விரலைச் சற்று நகர்த்தி மீண்டும் இழுத்தால் சுரமும் மாறும், உருவமும் மாறும். காதைப் பொத்திக்கொண்டே "இன்னொரு தடவை" என்று கேட்காத குழந்தையை அந்த இரண்டு நாட்களில் நான் பார்க்கவில்லை.

தகடு அதிரும்போது அதன் எல்லாப் பகுதிகளும் ஒன்றுபோல் அசைவதில்லை. சில பகுதிகள் மேலும் கீழுமாகத் துள்ள, அவற்றுக்கு இடைப்பட்ட சில கோடுகள் அசையாமல் நிற்கும். துள்ளும் இடத்தில் விழுந்த மணல் அங்கே நிலைகொள்ள முடியாமல் எகிறி எகிறி, கடைசியில் அசைவற்ற அந்தக் கணுக்கோடுகளில் வந்து தங்குகிறது. எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய உருவங்களைப் பக்கம் பக்கமாக வரைந்து காட்டினார். சட்டம் படித்தவரான அவர், தாமே வடிவமைத்த இசைக்கருவியையும் இந்தத் தகடுகளையும் தூக்கிக்கொண்டு ஐரோப்பிய நகரங்களில் சுற்றி, கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்கு வாசித்தும் விளக்கியும் பிழைத்தார். இன்றைய திருவிழாக்களில் நாம் புதுமை என்று விளம்பரப்படுத்தும் அறிவியல்–கலைக் கூட்டணியை அவர் தனி ஆளாக, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நடத்தியிருக்கிறார் என்றே சொல்லலாம்.

1809-இல் பாரிசில் நெப்போலியன் அந்த மணல் உருவங்களைப் பார்த்து வியந்து, கிளாட்னிக்கு 6,000 பிராங்க் வழங்கினார். அதோடு நில்லாமல், இந்த உருவங்களுக்கான கணிதத்தைக் கண்டுசொல்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு அறிவிக்கச் செய்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகக் கல்வி மறுக்கப்பட்ட பிரெஞ்சுக் கணிதவியலாளர் சோஃபி ஜெர்மைன் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முயற்சியில் 1816-இல் அந்தப் பரிசை வென்றார். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். மக்கள் கூடி நின்று பார்த்த காட்சி முதலில் வந்தது; நெகிழும் பரப்புகளைப் பற்றிய கணிதம் அதன் பின்னால்தான் மூச்சிரைக்க ஓடி வந்தது. பொதுமக்களுக்கான நிகழ்ச்சி என்றாலே, ஏற்கெனவே முடிந்துவிட்ட ஆராய்ச்சியை எளிமைப்படுத்திப் பரிமாறுவது என்று எண்ணிக்கொள்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் முதல் கதை இதுதான்.

என் மேசைக்கு ஓர் ஓவியரையும் இணைத்திருந்தார்கள். வெறும் மணல் படத்தில் மங்கலாகத் தெரிகிறது என்பது அவருடைய குறை. முதல் நாள் மதியம் அவர் மிக மெல்லிய நீலப் பொடி ஒன்றைக் கொண்டுவந்து மணலோடு கலந்தார். நான் வில்லை இழுத்தேன். மணல் வழக்கம்போல் கோடுகளுக்கு ஓடியது. நீலப் பொடியோ அதற்கு நேர்மாறாக, கோடுகளுக்கு நடுவே தகடு மிக வேகமாகத் துள்ளும் இடங்களில் சிறு சிறு குன்றுகளாகக் குவிந்து, கொதிக்கும் பால்போல் உள்ளுக்குள் புரண்டுகொண்டிருந்தது. பொடி ஈரமாகிவிட்டது, அல்லது தாங்கி தளர்ந்துவிட்டது என்று நினைத்து, கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தகட்டைத் துடைத்தேன். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை துணியை எடுத்தபோது ஓவியர் என் கையைத் தடுத்தார்.

"அழிக்காதீங்க சார். ரெண்டும் தப்பாப் போகல, வேற வேற இடத்துக்குப் போகுது. ஏன்னு சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இயற்பியல் படித்தவன் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுற்றி நின்ற இருபது பேருக்கு நடுவே தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது அவ்வளவு இதமான அனுபவம் அல்ல. அன்றிரவு தேடியபோதுதான், இந்தப் புதிருக்கு 1831-இலேயே விடை கிடைத்துவிட்டது என்பதை அறிந்தேன். பிரான்சின் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் சவார் இதே நிகழ்வைக் கண்டு, தகட்டில் இரண்டாவதாக வேறு வகை அதிர்வு ஒன்று இருக்க வேண்டும் என்று கருதினார். ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அதை ஏற்கவில்லை. காரணம் தகட்டில் இல்லை, அதன் மேலுள்ள காற்றில் இருக்கிறது என்றார் அவர். அதிரும் தகடு தன் பரப்பை ஒட்டிய காற்றையும் கிளறுகிறது. அந்தக் காற்று கணுக்கோடுகளிலிருந்து துள்ளும் இடங்களை நோக்கித் தரையோடு தரையாக ஓடி, அங்கே மேலெழுகிறது. கனமான மணலை அந்த மென்காற்றால் அசைக்க முடியாது. இலேசான பொடியை அது எளிதாக வாரிக்கொண்டு போய்க் குவித்துவிடுகிறது. காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் கலத்துக்குள் தகட்டை வைத்தபோது பொடியும் மணலைப் போலவே கோடுகளை நாடிச் சென்றது, ஃபாரடேயின் கூற்றுக்குச் சான்றாயிற்று.

மறுநாள் நாங்கள் வேண்டுமென்றே இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு, வில்லை இழுப்பதற்கு முன் எது எங்கே போகும் என்று கூட்டத்தைக் கேட்டோம். முதல் நாள் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், இரண்டாம் நாள் நின்று சண்டை போட்டார்கள். காற்றுதான் காரணம் என்பதை ஒரு சிறுமி தானாகவே ஊகித்து, தகட்டின்மேல் மெல்ல ஊதிக் காட்டினாள். ஓவியருக்கு வண்ணம் தேவைப்பட்டிருக்காவிட்டால் அந்தக் கேள்வி எங்கள் மேசைக்கு வந்தே இருக்காது. கலையும் அறிவியலும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதற்கும் அருகருகே உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

அருகருகே உட்கார்ந்திருக்கும் நிகழ்ச்சிகளையே நான் அதிகம் பார்க்கிறேன். இருட்டறையில் விண்மீன் படங்கள் சுழல, பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கும். மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் விண்மீன்களை எடுத்துவிட்டுக் கடலலைகளைக் காட்டினாலும் அந்தக் குழலிசையில் ஒரு சுரமும் மாறப் போவதில்லை. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு கலைஞரை அழைத்து, "இதைக் கொஞ்சம் அழகாக்கிக் கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கத்தின் விளைவு இது. (அவருக்கு ஊதியம் பற்றிப் பேச்செடுத்தால், இது நல்ல வாய்ப்பு என்ற பதில் வரும். அது வேறு வருத்தம்.)

இசையையே எடுத்துக்கொண்டால், சேர்ந்திருப்பதற்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் பதிவு செய்த ஈர்ப்பலை, அதாவது வெளியிலேயே பரவும் நுண்ணிய அதிர்வு, ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று கலந்ததன் தடயம். அதன் அதிர்வெண் 0.2 வினாடிக்குள் 35 ஹெர்ட்சிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. இது மனிதக் காதின் எல்லைக்குள்ளேயே இருப்பதால், அதை ஒலிபெருக்கியில் போட்டால் கீழிருந்து மேலே சுண்டியெழும் ஒரு சிற்றொலி கேட்கும். அந்த ஏற்றம் அலங்காரம் அல்ல. கருந்துளைகள் நெருங்க நெருங்க வேகமாகச் சுற்றியதைத்தான் காது கேட்கிறது. பெர்சியஸ் விண்மீன்திரள் கூட்டத்திலுள்ள கருந்துளை எழுப்பும் அழுத்த அலைகளின் நிலை வேறு. அவை நமக்குக் கேட்கும் ஒலியைவிட மிக மிகத் தாழ்ந்தவை என்பதால், 2022-இல் நாசாவின் சந்திரா விண்வெளித் தொலைநோக்கிக் குழுவினர் 57, 58 ஸ்தாயிகள் (ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாகும்) உயர்த்தி ஒலிக்கச் செய்தார்கள். இத்தனை ஸ்தாயி ஏற்றியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஒலிக்கவிட்டால் அது நேர்மையான கலை. சொல்லாமல் "கருந்துளை பாடுகிறது" என்று மட்டும் எழுதி ஒட்டினால், கேட்பவரை ஏமாற்றுகிறோம். எதை எதுவாக மாற்றினோம் என்ற அந்த ஒரு வரியில்தான் விஞ்ஞானி, இசைஞர் இருவரின் உழைப்பும் இருக்கிறது.

காட்சிக் கலையில் இதே நேர்மையை ரெடிங் பல்கலைக்கழகத்தின் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-இல் உருவாக்கிய வெப்பநிலைப் பட்டைகளில் காண்கிறேன். ஓர் ஆண்டுக்கு ஒரு பட்டை. சராசரியைவிடக் குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. அச்சும் இல்லை, எண்ணும் இல்லை. எண்களை நீக்கியதற்காகக் கோபித்துக்கொண்ட ஒருவரோடு நானே அரை மணி நேரம் வாதிட்டிருக்கிறேன். வண்ணமே அங்கு அளவுகோல் என்பதால், நீக்கப்பட்டது எதுவும் இல்லை என்பது என் கட்சி.

நடனம் இந்தச் சேர்க்கைக்கு ஒவ்வாதது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 1971-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் புல்வெளியில் படமாக்கப்பட்ட புரத உற்பத்தி நடனத்தைப் பார்த்தபின் அந்த எண்ணம் மாறியது. பெருங்கூட்டமாக மாணவர்கள் உருண்டும் புரண்டும் செல்லுக்குள் புரதத்தைக் கட்டும் ரைபோசோமாகவும், அதற்கான செய்தியைக் கொண்டுவரும் ஆர்.என்.ஏ.வாகவும் ஆடுகிறார்கள். பாடநூல் படத்தில் எல்லா மூலக்கூறுகளும் தத்தம் இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கும். புல்வெளியிலோ சரியான ஆள் வந்து பொருந்துவதற்கு முன் பலர் தடுமாறி மோதி விலகிப் போகிறார்கள். செல்லுக்குள் நடப்பது பெரும்பாலும் இந்த மோதலும் தடுமாற்றமும்தான் என்பதை எந்த அம்புக்குறியும் எனக்கு அப்படி உணர்த்தியதில்லை. 2008-இல் தொடங்கிய, முனைவர் பட்ட ஆய்வை நடனமாக ஆடிக்காட்டும் போட்டியில் ஆய்வாளரும் கட்டாயம் ஆட வேண்டும் என்று விதி இருக்கிறது. மிக நல்ல விதி. நடன ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ள முடியாது.

இவையெல்லாம் வெற்றிகள். தடுமாறிய முயற்சிகளிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1966 அக்டோபரில் நியூயார்க்கின் பழைய படைக்கொட்டிலொன்றில், பெல் தொலைபேசி ஆய்வகத்தின் பொறியாளர் பில்லி குளூவர் திரட்டிய ஏறக்குறைய 30 பொறியாளர்களும் 10 கலைஞர்களும் சேர்ந்து ஒன்பது மாலைகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். கருவிகள் அடிக்கடி மக்கர் செய்தன. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆனால் அந்தக் கலைஞர்களில் ஒருவரான ராபர்ட் ரோஷன்பெர்க்கின் படைப்பை நினைத்துப் பாருங்கள். டென்னிஸ் மட்டைகளுக்குள் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் மண்டபம் முழுவதும் மணியடித்தாற்போல் அதிர, ஒரு விளக்கு அணையும். ஆடிக்கொண்டே போனால் முழு இருட்டு. அந்த இருட்டில் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்க, அகச்சிவப்புக் கேமரா மட்டும் அவர்களைக் கண்டு திரையில் காட்டியது. ஆட்டம் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் அந்த யோசனையைப் பொறியாளர் மட்டும் நினைத்திருக்க மாட்டார். கலைஞர் மட்டும் செய்திருக்க முடியாது.

அடுத்த திருவிழாவுக்கு அதே மேசையைக் கேட்டிருக்கிறோம். ஃபாரடே செய்ததுபோல் கண்ணாடிக் கலத்துக்குள் தகட்டை வைத்து, காற்றை வெளியேற்றி, நீலப் பொடி மனம் மாறுவதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கலத்துக்குள் கையை நுழைத்து வில் இழுக்க முடியாது என்பதால், தகட்டை அடியிலிருந்து மின்னதிர்வியால் அதிரச் செய்ய வேண்டியிருக்கும். ஓவியர் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. வில் மேலிருந்து கீழே இறங்கும் அந்த அரை வினாடியில்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் யார் பிடிப்பார்கள் என்கிறார். வெற்றிடப் பம்பின் இரைச்சல் பக்கத்து மேசைக் கதைசொல்லியை விழுங்கிவிடும் என்பதும் அவர் சொல்லும் காரணம். இரண்டு தகடுகள் வைக்கலாமா, வில்லுக்கு ஒன்று, கலத்துக்கு ஒன்று என்று நேற்று கேட்டிருக்கிறேன். மேசையின் நீளத்தை அளந்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.