மண்டி மேல் ஒரு குளிர்காலம்

பிரான்சின் மேற்கே, நான்ட் நகருக்குத் தென்கிழக்கில், செவ்ர், மேன் என்னும் இரண்டு ஆறுகளின் பெயரைத் தாங்கிய மேட்டு நிலத்தில் விளைவது மஸ்கடே ஒயின். பெயரைக் கேட்டு மஸ்கட் திராட்சை என்று நினைத்துவிடக் கூடாது. இது மெலோன் டி பூர்கோஞ் என்ற ரகத்தில் செய்யும், இனிப்பே இல்லாத வெள்ளை ஒயின். 1709-இன் கொடுங்குளிரில் அந்த வட்டாரத்துக் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிர் தாங்கும் என்று நம்பி இந்த ரகத்தைப் பரவலாக நட்டார்கள். இதற்கு மணம் குறைவு. பெரும்பாலும் மரப்பீப்பாயின் வாசனையும் சேர்வதில்லை. அதனால் தோட்டத்திலோ நிலவறையிலோ நடந்த பிழையை மூடி மறைக்க இதில் எதுவும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஒரு குடும்பப் பண்ணை இதை ஆர்கானிக் முறையில் செய்யும்போது வேலையின் சுமை எங்கே விழுகிறது என்று பார்க்கலாம்.

ஆர்கானிக் தோட்டத்தில் மருந்தே அடிப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தைவிட இங்கேதான் டிராக்டர் அதிக முறை ஓடும். அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய்க்கு இங்கே இருக்கும் முக்கிய மருந்து செம்பு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை நம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது இலையின் மேல் படிந்து நிற்கும், உள்ளே போகாது. பூஞ்சை இலைக்குள் புகுந்த பின் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை. எண்ணெய் சிந்தினாற்போல மஞ்சள் புள்ளி தெரிகிறதென்றால், நோய் புகுந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே இலையைப் பார்த்து மருந்தடிப்பவர் தோற்றுப்போவார். வானிலையைப் பார்த்து, மழைக்கு முந்தின நாள் அடிக்க வேண்டும். தளிர் 10 செ.மீ. வளர்ந்து, வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி, 10 மி.மீ. மழையும் வந்தால் முதல் தொற்று வரும் என்பது பழைய கணக்கு. இன்றும் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

அடித்தது எத்தனை நாள் நிற்கும்? 20 முதல் 25 மி.மீ. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மழையே இல்லாவிட்டாலும், மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் புதிதாக விரிந்த இலைகளுக்குப் பாதுகாப்பு இருக்காது. இன்னொரு பக்கம் சட்டம் நிற்கிறது: 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு, சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. செம்பு மக்காது, மண்ணிலேயே தங்கி மண்புழுவைப் பாதிக்கும் என்பதால்தான் இந்த வரம்பு. ஒரு முறைக்கு 300 கிராம் என்றால் 12 முறைக்கே 3.6 கிலோ ஆகிவிடும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மூட்டையின் எடையும் செம்பின் எடையும் ஒன்றல்ல. 20 சதவீதம் செம்பு உள்ள போர்டோ தூள் 2 கிலோ போட்டால் கணக்கில் ஏறுவது 400 கிராம்தான். இதைக் குழப்பிக்கொண்டவர்கள் ஒன்று அளவைக் குறைத்துப் பயிரை இழப்பார்கள், அல்லது தணிக்கையில் மாட்டுவார்கள். தொட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும் மருந்து என்பதால் ஒவ்வொரு வரிசையின் இரு பக்கமும் நனைய வேண்டும். வரிசை தாண்டி அடித்து டீசல் மிச்சம் பிடிப்பது இங்கே செல்லாது.

பயிர் கைவிட்டுப் போவதற்கு, ஈர மண்ணில் டிராக்டர் இறங்க முடியாமல் போவதும் ஒரு பெரிய காரணம். மழைக்கு முன் அடித்தே ஆக வேண்டிய நாளில் சக்கரம் புதைந்தால் அந்த ஆண்டு முடிந்தது. அதனால் ஒன்று விட்டு ஒரு வரிசையில் புல்லை விட்டுவைப்பார்கள். களைக்கொல்லி இல்லாததால் கொடியின் அடியை உழவுக் கருவியால் சுத்தம் செய்ய வேண்டும். இலையுதிர்காலத்தில் அடிக்கு மண் அணைப்பது, வசந்தத்தில் அதை விலக்குவது என்ற பழைய முறை இதற்கு நன்றாக உதவுகிறது. உறைபனி வரும் என்ற வாரத்தில் மட்டும் உழவே கூடாது. கிளறிய மண்ணின் ஈரம் மொட்டுகளைச் சுற்றிக் குளிரை ஏற்றும். நெடிய புல்லும் அப்படித்தான். முன்பே ஒட்ட வெட்டிவிட வேண்டும். கவாத்தை மார்ச் வரை தள்ளிப்போட்டால் துளிர்ப்பு சில நாள் தாமதமாகும். 2021 ஏப்ரல் உறைபனி போன்ற இரவில் அந்தச் சில நாள்தான் ஒரு தோட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம். அந்த இரவில் மொட்டுகளைக் காக்க மெழுகுத் தீச்சட்டி ஏற்றுவதென்றால் ஹெக்டேருக்கு 300 முதல் 400 வரை வேண்டும். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி பூச்சியத்தை நெருங்கும்போதே ஏற்றத் தொடங்க வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்கவே நேரம் பிடிக்கும்.

சாம்பல் நோய் என்ற வேறொரு பூஞ்சைக்குக் கந்தகம். குளிரில் அது வேலை செய்யாது. 30 டிகிரிக்கு மேல் இலையைச் சுடும். அறுவடைக்கு நெருக்கத்தில் அடித்தால் நிலவறையில் அழுகிய முட்டை வாடை வரும்.

மெலோனின் தோல் மெல்லியது. பழுத்தபின் மழை பெய்தால் குலை விரைவில் அழுகும். ஆகவே அறுவடைக்குக் கிடைக்கும் நாட்கள் சில. அதற்கு 5 நாள் முன்பே, சுத்தமான 50 கிலோ பழத்தைப் பறித்துப் பிழிந்து, 20 டிகிரியில் தோட்டத்து ஈஸ்ட்டாலேயே நொதிக்க வைப்பார்கள். தயிருக்கு உறை எடுத்துவைப்பது போலத்தான். இரண்டு மூன்று பாத்திரங்களில் தனித்தனியே வைப்பது நல்லது. நகப்பூச்சு வாடை வருவதைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். நல்லதைச் சாற்றின் அளவில் 2 முதல் 3 சதவீதம் சேர்த்தால் தொட்டி சீராகக் கிளம்பும்.

பிழிந்த சாற்றைத் தெளிய வைக்கும் இரவுதான் இந்த ஒயினின் தலையெழுத்தை எழுதுகிறது என்பது என் எண்ணம். 10 முதல் 12 டிகிரியில், 12 முதல் 24 மணி நேரம். அதிகம் தெளிந்துவிட்டால் ஈஸ்ட்டுக்குச் சத்து போதாமல் நொதித்தல் பாதியில் நிற்கும். கலங்கலாக விட்டால் தோல், மண், கந்தகத் துகள் எல்லாம் அடியில் சேர்ந்து நாறும். இந்த ஒயின் குளிர்காலம் முழுவதும் தன் மண்டியின், அதாவது நொதித்தபின் அடியில் படியும் ஈஸ்ட்டின், மேலேயே கிடக்கப்போகிறது. இத்தகைய ஒயினுக்குச் சூட்டும் சூர் லீ என்ற பெயருக்குப் பொருளே அதுதான். மண்டி மெல்லிய ஈஸ்ட்டாக இருந்தால் ஒயினுக்குச் சதைப்பற்றும் ரொட்டி மணமும் தரும். கெட்ட வாடை வந்தபின் மண்டியிலிருந்து பிரித்து ஒயினைக் காப்பாற்றலாம், ஆனால் சூர் லீ என்று பாட்டில் சீட்டில் போட முடியாது. ஆகவே நவம்பர், டிசம்பரில் வாரம் ஒருமுறையாவது தொட்டியை முகர்ந்து பார்த்து, தேவைப்பட்டால் மெதுவாகக் கலக்கிவிடுவது வழக்கம்.

இங்கே பல பண்ணைகளின் தொட்டிகள் தரைக்கு அடியில், கண்ணாடி ஓடு பதித்த சிமெண்டால் ஆனவை. வெப்பம் ஏறி இறங்காது என்பது பெரிய நன்மை. ஆபத்தும் அதே அமைப்பில் இருக்கிறது. ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தேங்கும். வாயு அளவுமானி இல்லாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல், காலித் தொட்டியிலும் இறங்கக் கூடாது. மெழுகுவர்த்தி அணைகிறதா என்று பார்த்து இறங்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். மனிதருக்கு மயக்கம் வரும் அளவிலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும்.

ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபைட் விஷயத்தில், 2012 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஆர்கானிக் விதி, லிட்டருக்குச் சர்க்கரை 2 கிராமுக்கும் குறைவான வெள்ளை ஒயினுக்கு லிட்டருக்கு 150 மி.கி. வரை அனுமதிக்கிறது, ஆர்கானிக் அல்லாத அதே வகை ஒயினுக்கு 200. இங்கே மெலோனின் புளிப்பு கைகொடுக்கிறது. பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 3.1 என்றால் கட்டற்ற சல்ஃபைட் (ஒயினில் வேறெதனோடும் பிணையாமல் இருப்பது) 16 மி.கி. தரும் காப்பு, 3.4-இல் 32 மி.கி. இருந்தால்தான் கிடைக்கும். அறுவடையை நான்கு நாள் தள்ளிப்போட்டுப் புளிப்பை இழந்தவர், அந்த நான்கு நாளுக்கு நிலவறையில் விலை கொடுக்கிறார்.

மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை பாட்டிலில் அடைக்கலாம். சிறு பண்ணைகளுக்கு லாரியிலேயே இயந்திரம் வரும். ஒயின் குளிர்ந்திருந்தால்தான் அதில் கரைந்த வாயு தங்கும். நாக்கில் லேசாகக் குத்தும் அந்த உணர்வு அதனால்தான் வருகிறது. குழாய்களில் முதலில் நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். அப்படியும் முதலில் வரும் ஒன்றிரண்டு பெட்டி பாட்டில்களில் ஆக்சிஜன் அதிகம் ஏறியிருக்கும். அவற்றில் சாக்பீஸால் குறியிட்டு விற்பனைக்குப் போகாமல் ஓரமாக வைத்துவிட்டு, பண்ணைச் சாப்பாட்டு மேசைக்கு முதலில் எடுப்பார்கள்.