எங்கே ஒப்பு போடணும்?

மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே ஆய்விலும் ஈடுபடுவதில் நேரமின்மைதான் பெரிய சிக்கல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இரவுப் பணி முடிந்த கையோடு கணினியில் எண்களை ஏற்றும் சலிப்பு பழகிவிட்டது. பழகாமல் உறுத்தியது, ஒப்புதல் படிவத்தை நீட்டும்போதெல்லாம் காதில் விழுந்த ஒரே பதில்: "டாக்டரம்மாவுக்குத் தெரியாததா? எங்க ஒப்பு போடணும்?"

என் ஆய்வு பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைப் பற்றியது. 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து என்பது பாடநூல் கணக்கு. பிரசவ அறையிலோ நாங்கள் நம்பியிருந்தது கண்ணளவை. துணியில் ஊறியதையும் பனிக்குட நீரோடு கலந்ததையும் வாளியில் விழுந்ததையும் ஒரே பார்வையில் கூட்டி, கேஸ் ஷீட்டில் ‘சுமார் 300’ என்று எழுதிவிடுவோம். வழியும் இரத்தத்தைப் பையில் பிடிக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை எல்லாருக்கும் பயன்படுத்தத் தொடங்கிய முதல் வாரத்தில், நான் 300 என்று சொன்ன ஒரு பிரசவத்தில், மூத்த செவிலியர் ஒன்றும் பேசாமல் பையின் மீது விரலை வைத்துக் காட்டினார்; இரத்தம் 550ஐத் தொட்டிருந்தது. கண் ஏமாறும் என்பது படித்ததுதான், ஆனால் ஏமாறுவது என் கண்ணாகவும் இருக்கும் என்று தோன்றியதில்லை. 2023இல் வெளியான, நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வில், இத்தகைய விரிப்பால் இரத்தப்போக்கை விரைவில் கண்டறிந்து, ஒரு மருந்து பலிக்கிறதா என்று காத்திராமல் சிகிச்சைகளைச் சேர்த்தே கொடுத்ததால், கடும் இரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்திருந்தன.

விரிப்பு சிகிச்சையின் பகுதி. மறுநாள் ஹீமோகுளோபின் பார்க்க எடுக்கும் 2 மில்லி இரத்தம் மட்டுமே ஆய்வுக்கானது, அதற்குத்தான் அந்த ஒப்பு. 1838இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவப்பணி தொடங்கிவிட்ட கன்னியாகுமரி மாவட்டம் இது; பாட்டியும் தாயும் ஆஸ்பத்திரியில் பெற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிற பெண்கள் அதிகம். வலியில் துடிப்பவளை ‘மூச்சை இழுத்து விடு மக்ளே’ என்றால் கேட்பதற்கும், நள்ளிரவில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பதற்கும் அந்த நம்பிக்கைதான் துணை. அதே நம்பிக்கையால்தான் ஆய்வுக்கான சம்மதத்தை நம்ப முடியவில்லை. மருத்துவரைச் சார்ந்திருக்கும் நோயாளியிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவரே ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவள்தான் நான்.

ஆகவே முறையை மாற்றினோம். பிரசவ அறையில் கேட்பதை நிறுத்தி, எட்டாம் மாதப் பரிசோதனையின்போது, அந்தப் பெண்ணின் சிகிச்சையில் பங்கில்லாத ஒரு செவிலியர் விளக்கி, தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அடுத்த முறை வரும்போது பதில் சொன்னால் போதும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள் என்பதால், வீட்டுக்காரரிடம் கலந்து பேச விரும்பியவர்களுக்குக் கூடுதல் நாளும் கொடுத்தோம். சேர்க்கை மந்தமானது; வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் மனத்தாங்கல்.

இரண்டாம் வாரத்தில் குளச்சலிலிருந்து வந்த ஒரு பெண் தாளை நான்காக மடித்தபடியே செவிலியரிடம் திருப்பிக் கொடுத்தாராம். "ரெத்தம் குறவா இருக்குன்னு மாசாமாசம் டாக்டர்தானே சொல்லுதாங்க, பெறவு அதையும் எடுக்கணும்னா எப்பிடி?" இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் கேட்ட நியாயமான கேள்வி அது, 2 மில்லி என்பது அரைத் தேக்கரண்டிகூட இல்லை என்று நான் எதிரில் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன், அவரும் ஒப்பு போட்டிருப்பார். குழந்தை பிறந்த மறுநாள் வார்டில் என்னைக் கண்டதும், "கோவமா டாக்டரம்மா?" என்றார். இல்லை என்று சொல்லி, கருப்பை சுருங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை பதிவேட்டில் அவருடைய எண்ணுக்கு நேரே ‘மறுத்தார்’ என்று எழுதினேன். ஆய்வில் அதுதான் முதல் மறுப்பு. பழைய முறையில் 41 பேர் ஒப்பு போட்டிருந்தார்கள். அத்தனை பேரிடமும் கேட்டது நான்தான்.