கடல் வாத்துக்கு ஒரு பழைய அலுமினியப் படகு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை. "வேட்டைக்காரன் வீட்டில் இருக்கும் நாள் அதுதான், படகு பார்க்க அன்றைக்கே போவோம்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அக்டோபரில் ஒரு ஞாயிறு, விடியற்காலை ஐந்தரைக்குப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில் இருந்து அவருடைய பிக்கப் வண்டியில் கிளம்பினோம். என் மடியில் மூன்று முகவரிகள் எழுதிய தாள். பின் இருக்கையில் ஒரு சுத்தியல், டார்ச், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய், கொஞ்சம் சாக்பீஸ்.

மூன்று குளிர்காலம் கடல் வாத்து வேட்டைக்கு அவர் படகில் விருந்தாளியாகப் போனேன். அந்தப் படகு போன வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது. இந்த முறை ஆளுக்குப் பாதி போட்டு வாங்குவது என்று முடிவு.

கடல் வாத்து என்றால் முக்கியமாக மூன்று வகை: ஐடர், ஸ்கோட்டர், நீள்வால் வாத்து. ஐடர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை வரும். பாறை மேட்டைச் சுற்றி முங்கி, மட்டியை ஓட்டோடு விழுங்கி, வயிற்றுக்குள்ளேயே அரைத்துவிடும். இந்த வாத்துகள் ஏரிக்கரை நாணலுக்குள் வருபவை அல்ல. நாம்தான் திறந்த கடலுக்குப் போக வேண்டும். ஒரே நீளக் கயிற்றில் பத்துப் பன்னிரண்டு பொய் வாத்துகளைக் கட்டி, இரு முனையிலும் நங்கூரம் போட்டு மிதக்க விடுவோம். இனத்தைக் காட்டி இனத்தை இழுக்கும் உயிருக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். இங்கே அது பிளாஸ்டிக்கில் இருக்கிறது, அவ்வளவுதான். அடிபட்ட பறவை முங்கிவிடும், உடனே படகில் துரத்தியாக வேண்டும். ஆனால் அடிபடாத பறவையை, எஞ்சினை அணைத்து, படகின் வேகம் முழுக்க அடங்கிய பிறகே சுடலாம். ஆக, எஞ்சின் நின்ற படகு டிசம்பர் மாத அலையில் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் இரண்டு பேர், துப்பாக்கி, ஈரக் கயிறு, நங்கூரம். படகை இந்தக் காட்சியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் படகு பாத் ஊருக்குப் பக்கத்தில். 14 அடி நீளம், தட்டையான அடிப்பாகம், புல் நிறத்தில் அழகாக வண்ணம் அடித்திருந்தது. கைக்குள் வந்துவிடும் விலை. எனக்கு ஆசை வந்துவிட்டது. பெரியவர் பக்கச்சுவர் ஓரமாக நின்றார். விளிம்பு அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. "இதை எங்கே ஓட்டினீர்கள்?" என்று விற்பவரிடம் கேட்டார். மெரிமீட்டிங் பே என்றார் அவர். கென்னபெக், ஆண்ட்ரோஸ்காகின் உட்பட ஆறு நதிகள் கூடும் இடம் அது. நன்னீர், காட்டு அரிசி, ஆழமில்லாத தண்ணீர். அங்கே இந்தப் படகு ராஜா. கடலில் ஒரே அலை உள்ளே வந்தால் போதும். கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாவது ராக்லாண்டில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தனியாகப் போயிருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன். 18 அடி நீளம், ஆழமான வி வடிவ அடிப்பாகம், உயர்ந்த அணியம் (படகின் முன்முனை), 60 குதிரைத்திறன் எஞ்சின். தரைப் பலகை புத்தம் புதிது. பெரியவருக்கு அந்தப் புதுமைதான் உறுத்தியது. ஒரு மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பலகை அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் உப்பு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. விரலால் துடைத்தேன். அடியில் கடுகு அளவில் பள்ளங்கள். அழுகாமல் இருக்கச் செம்புச் சேர்மம் ஏற்றிய மரம் அது. செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான், கரைவது அலுமினியம். நல்ல எண்ணத்தில் செய்த வேலை, அடித்தகட்டையே தின்றுகொண்டிருந்தது. அடிப்பக்கம் பூசும் செம்புக் கலவைப் பெயிண்டும் இதே கேட்டைச் செய்யும்.

அப்புறம் எஞ்சினைச் சாய்த்து, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். எஞ்சின் தொங்கும் பின்பலகையும் சேர்ந்து அசைந்தது. சுத்தியலால் தட்டினால் 'டக்' என்று வர வேண்டிய இடத்தில் 'தொப்' என்று ஈரச் சத்தம். உள்ளே இருக்கும் மரம் இற்றுவிட்டது. கியர் ஆயில் திருகை லேசாகத் தளர்த்தினோம், பால் காபி நிறத்தில் ஒழுகியது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. விற்பவர் முகம் வாடிவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றே நம்புகிறேன்.

மதியம் ராக்லாண்டின் கருங்கல் அலைதடுப்புச் சுவர்மேல் நடந்தோம். ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு, முனையில் கலங்கரை விளக்கம். அதன் அருகே ஐடர் கூட்டம் ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாக ஆண்கள், பழுப்பில் பெட்டைகள். பெட்டை ஐடர் முட்டையிடும் வயதுக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதனால் நாங்கள் பெட்டையைச் சுடுவதில்லை. ஆணிலும் சமையலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். கொழுப்பை முழுக்க நீக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் என் வீட்டில் தட்டு காலியாகிவிடும்.

மூன்றாவது படகு செபாகோ ஏரிக்கரையில், வீடு திரும்பும் வழியில். பார்க்க ஒன்றுமே இல்லை. மங்கிய சாம்பல் நிறம், கிழிந்த இருக்கை. ஆனால் 18 அடி, அகலமான உடம்பு, நல்ல உயரச் சுவர், கைப்பிடியால் திருப்பும் 50 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். பிறந்ததில் இருந்து உப்புத் தண்ணீரைத் தொட்டதில்லை. உடம்பில் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 02, அதாவது 2002 மாடல். எத்தனை பேர், எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் தகடும் தெளிவாக இருந்தது. பின்பலகை அசையவில்லை, கியர் ஆயில் சுத்தம்.

கடைசிச் சோதனைக்கு விற்பவர் சம்மதித்தார். டிரெய்லரில் வைத்தபடியே குழாயைப் போட்டு நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினோம். இருபது நிமிடம். நான் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். நடுத்தண்டுக்கு அருகே, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் ஒன்றின் தலையில் ஒரு துளி திரண்டு, தயங்கி, என் கன்னத்தில் விழுந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டேன். இன்னும் ஒன்று. மொத்தம் இரண்டே. உள்ளே ஒருவர் இரும்பை அழுத்திப் பிடிக்க, வெளியே ஒருவர் தட்டி இறுக்கினால் சரியாகிவிடும். 5,200 டாலருக்குப் பேசி முடித்தோம்.

பின் வந்த வாரங்களில் ரிவெட்டுகளை இறுக்கினோம், புதுத் துத்தநாகக் கட்டிகள் மாட்டினோம். உப்புத் தண்ணீர் முதலில் அவற்றைத்தான் அரிக்கும். தண்ணீர் இறைக்கும் பம்ப் இரண்டு. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் சட்டமே ஆகிவிட்டது. குளிர்நீரில் விழுந்தால் மூச்சு வசப்பட ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தங்குவது ஒரு மணி நேரம் என்று இங்கே எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மிதவைச் சட்டையைக் கழற்றும் பேச்சே இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ராக்லாண்டில் இருந்து பெனப்ஸ்காட் பே என்ற விரிகுடாவுக்கு. வாடைக்காற்று, இரண்டடி அலை. லாப்ஸ்டர் கூடுகளின் மிதவைக் கயிறு ப்ரொப்பெல்லரில் சிக்காமல் வளைத்து வளைத்துப் போனேன். எஞ்சினை அணைத்ததும் படகு பக்கவாட்டில் ஒருமுறை சாய்ந்து, நிமிர்ந்து, நின்றது. பெரியவர் எழுந்து விளிம்பில் தொடையைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் பொய் வாத்துக் கயிற்றை இறக்க ஆரம்பித்தார். நான் குனிந்து தரை மூடியைத் திறந்து பார்த்தேன். உலர்ந்திருந்தது.