மூப்பரிடம் கேளுங்கள் என்றேன்

நேபாளத்துக்குப் போய்வந்ததைப் பற்றி யாராவது கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் முதலில் சொல்கிறேன். நடையும் மருத்துவ முகாமுமாகப் போன நாட்களுக்கு நடுவில் கிடைத்த ஓய்வு நாள் அது. காலையில் ஆராதனை, மதியம் நல்ல தூக்கம், மேகம் விலகி முழுசாகத் தெரிந்த கணேஷ் ஹிமால். இதில் எதுவும் மிகை இல்லை. ஆனால் அன்று பிற்பகலில் நடந்த ஒரு பேச்சை விட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் உடனே "நீங்க செஞ்சது சரிதானே சிஸ்டர்" என்கிறார்கள். அத்தனை சீக்கிரம் சொல்லிவிடுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

ஞாயிறு எங்களுக்குத்தான் ஓய்வு, ஊருக்கு இல்லை. நாங்கள் போனபோது நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. சபைகள் கூடுவதும் சனிக்கிழமைதான். முந்தின நாளே ஊர்ச் சபையோடு சேர்ந்து ஆராதித்திருந்தோம். செருப்பை வாசலில் விட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, மாதல் என்ற மேளத்தின் தாளத்துக்குக் கை தட்டிப் பாடினோம். முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி, அங்கே கிறிஸ்தவர்கள் சொல்லும் வணக்கமான 'ஜெய்மசி' சொன்னோம். ஞாயிறு விடிந்ததும் பிள்ளைகள் சீருடை போட்டுப் பள்ளிக்கு இறங்கிப் போனார்கள். பெரியவர்கள் கேழ்வரகு அறுக்கப் போனார்கள். நாங்கள் மட்டும் ஆளில்லாத சபைக் கூடத்தில் தமிழிலும் இந்தியிலும் பாடிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கூடத்தின் கதவை ஆராதனை நேரத்தில் சாத்துவதில்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னால் வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். சபைகளுக்கோ அது ஆராதனை நேரம். பல இடங்களில் கூடியிருந்தவர்கள் மேல் கட்டடம் விழுந்தது. இந்த ஊரிலும் பழைய கல் கட்டடம் அப்படித்தான் போனது. இப்போது இருப்பதற்கு இடுப்பு உயரம் வரைதான் கல், அதற்கு மேல் தகரம். சபையை நடத்தும் மூப்பர் எப்போதும் கதவோரத்தில்தான் உட்காருவார். அவர் மனைவி அன்று உள்ளே இருந்தார் என்று எங்கள் குழுத் தலைவர் சொல்லியிருந்தார். அந்த மனிதரிடம்தான் நான் நோயுற்ற ஒரு குழந்தையின் அம்மாவை அனுப்பினேன் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை முகாமில் டாக்டர் அந்தப் பெண் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் சட்டென்று எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இதயத் துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல், மர்மர் என்போமே, அது எனக்கே தெளிவாகக் கேட்டது. முழங்கால் வீங்கி வீங்கி வடிந்தது, அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல் என்று அம்மா வரிசையாகச் சொன்னாள். தொண்டையில் வரும் கிருமித்தொற்றைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு மூட்டுக்காய்ச்சலாக மாறி இதய வால்வைக் கெடுத்துவிடும். இந்தப் பக்கம் பீகாரில், எல்லையோரத்து மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இப்படி மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நேபாளி பேச வந்ததும் அவர்களிடமிருந்துதான். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுக்கக் காத்மாண்டு போயாக வேண்டும். அப்புறம் வருடக்கணக்கில், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. எங்கள் பெட்டியில் அவளுக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிறு பிற்பகல் அந்த அம்மா வந்தாள். வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். நெற்றிப்பட்டையைக் கழற்றி டோகோ கூடையை இறக்கி வைத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த பட்டுகாத் துணியில், பின்பக்கம் அரிவாள் செருகியிருந்தது. குழந்தை படியேறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றது. அதைப் பார்க்காதது போல அம்மா காத்திருந்தாள். மருந்து கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"தீதி (அக்கா), காலையில பாடினீங்களே, வயல்ல கேட்டுச்சு. அந்தச் சாமிகிட்ட இவளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்களுக்கு இங்க அதைச் செய்ய அனுமதி இல்லை பஹினி (தங்கச்சி). மூப்பர் இருக்காரே, அவர்கிட்ட கேளுங்க. நல்லா ஜெபிப்பார்." சொல்லிவிட்டு, நானே எழுந்து கொட்டகைக்குப் போய் மூப்பரைக் கூட்டியும் வந்தேன்.

அவள் முகம் மாறியதா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். சரி என்று தலையசைத்தாள். மூப்பர் வந்து குழந்தையின் தலையில் கை வைத்து, மெதுவாக, கொஞ்ச நேரம் ஜெபித்தார். அவர் ஜெபிக்கும்போது நானும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள் ஜெபித்தேன். சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். முற்றத்தின் கீழ்ப் பாதையில் கேழ்வரகு சுமந்துகொண்டு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் குழுவுக்கு விதி உண்டு. முகாமில் ஜெபம் கிடையாது, சுவிசேஷக் கைப்பிரதி கிடையாது, யாராவது கேட்டால் ஊர்ச் சபைக்கு அனுப்ப வேண்டும். இந்த விதி எனக்கு முழு சம்மதம், இன்றும் சம்மதம். நோயாளிக்கு முன்னால் கோட்டு போட்டு நிற்கிற எவருக்கும் ஒரு அதிகாரம் இருக்கிறது. குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது அம்மா எதற்கும் தலையாட்டுவாள். அன்று என் பைக்குள் காத்மாண்டு டாக்டருக்கான கடிதமும், பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்குமான பணம் போட்ட கவரும் இருந்தன. மாலையில் கொடுப்பதாக ஏற்பாடு. முதலில் ஜெபம், அப்புறம் கவர் என்று நடந்திருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? ஜெபத்துக்கு ஒப்புக்கொண்டதால் பணம் வந்தது என்றுதானே? மிஷன் மருத்துவமனைகள் மேல் ஊரெல்லாம் சொல்கிற குற்றச்சாட்டும் அதுதானே? என் விசுவாசத்தை நான் மதிப்பதால்தான் அதை மாத்திரையோடு சேர்த்து மடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இது என் பக்கத்து நியாயம். ஆனால் அன்று முகாம் இல்லை, நான் கோட்டு போட்டிருக்கவில்லை, அவளும் நோயாளி வரிசையில் நிற்கவில்லை. ஓய்வு நாளில், ஆராதனை நடந்த வாசலில், ஆராதித்தவளிடம் வந்து ஒரு அம்மா கேட்கிறாள். இதற்கும் அந்த விதி பொருந்துமா?

இரவு அடுப்பங்கரையில் மூப்பரோடு உட்கார்ந்திருந்தோம். டிண்டோ என்கிற மாவுக் களியைக் கிண்டிக்கொண்டே, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், இந்தியில் சொன்னார்: "சிஸ்டர், அவ வீடு என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான். பிள்ளைக்கு முடியாம ஆனதுலேருந்து மந்திரிக்கிற ஜாங்க்ரியைக் கூட்டிட்டு வந்தாங்க, லாமாவைக் கூட்டிட்டு வந்தாங்க. என்கிட்ட வந்ததில்லை. என்கிட்ட வந்தா மாமியார் வீட்டுல சபையில சேர்ந்துட்டானு பேச்சு வரும். அதனாலதான் உங்ககிட்ட வந்தா. நீங்க போயிடுவீங்க இல்லையா."

அப்புறம் தட்டில் டிண்டோவைப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்டேன், "அப்போ நான் ஜெபிச்சிருக்கணுமா?" அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். "நீங்க ஜெபிச்சிருந்தா யாராவது கேட்டிருப்பாங்க, வெளியிலேருந்து ஆளை வரவழைச்சு ஜெபிக்க வச்சீங்களான்னு. அதுவும் என்கிட்டதான் கேட்டிருப்பாங்க." அவ்வளவுதான். பேச்சு குழந்தையின் பயணத்துக்குப் போய்விட்டது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு வழியே தெரியவில்லை. நான் ஜெபித்தாலும் சுமை அவருக்கு, ஜெபிக்காவிட்டாலும் சுமை அவருக்கு. நான் ஜெபிக்காததால் அந்த அம்மாவுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு விருந்தாளியிடம் கேட்டுவிட்டுப் போக வந்தவளை நான் முற்றத்தின் நடுவில் மூப்பரின் கைக்குக் கீழே நிறுத்தினேன். அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பது சமாதானமாக இருக்கிறதா என்றால், சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.

2017-இல் இயற்றப்பட்டு அடுத்த வருடம் ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த நேபாளத் தண்டனைச் சட்டத்தில் மதம் மாற்றுவதற்கும், மாற்ற முயல்வதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். நோயாளிக்காக ஜெபிப்பது குற்றம் என்று அதில் எங்கும் எழுதியில்லை. ஆனால் ஜெபத்தால் கொரோனா குணமாகும் என்று பேசியதாகப் புகாராகி 2020-இல் கைதான பொக்காரா போதகர் ஒருவருக்கு, அடுத்த வருடம் மதமாற்ற வழக்கில் டோல்பா மாவட்ட நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. மலைச் சபைகளில் அந்த வழக்கைத் தெரியாதவர்கள் இல்லை. குழந்தையின் தலையில் கை வைக்கும்போது அது மூப்பருக்கு நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. எனக்கு விசாகூடத் தேவையில்லை. இறங்கி எல்லையைத் தாண்டினால் எங்கள் ஊர்.

இது புதிதும் இல்லை. 1954-இல் நேபாள ஐக்கிய மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அங்கே வேலை தொடங்கியபோதே மதமாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசு அனுமதித்தது. மிஷனும் அதை ஏற்றுக்கொண்டு மருத்துவமனையும் பள்ளியும் கட்டியது. 1960-இல் தான்சேனில் ஞானஸ்நானம் பெற்ற நேபாளிகள் சிறைக்குப் போனார்கள். அதே ஊரில் இருந்த மிஷன் மருத்துவமனை தொடர்ந்து நடந்தது. மருத்துவமனையை மூடியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பிழைத்தவர்கள் எத்தனை பேர்! ஆனாலும் வெளியிலிருந்து போகிறவர்கள் விதியைச் சரியாகக் கடைப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம், விதிக்கு வெளியே நின்று விலை கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. இது கொஞ்சம் கடுமையான பேச்சு என்று தெரியும். மிஷனில் வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்கள் யாரும் பயந்தவர்கள் இல்லை.

குழுத் தலைவரிடம் ஊர் திரும்பிய பிறகு இதைப் பேசினேன். அவர் உறுதியாக இருந்தார். "ஒருத்தருக்கு இளகினா அடுத்த முகாமே நடக்காது. அந்தக் குழந்தைக்கு மர்மர் கேட்ட ஸ்டெதஸ்கோப் அங்க போனதே இந்த விதியாலதான்." மறுக்க முடியவில்லை. ஆனால் விதியை எழுதியபோது அந்த ஊர் மூப்பரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்றேன். "அவரைப் பாதுகாக்கத்தானே எழுதினோம்" என்றார். பாதுகாக்கப்படுகிறவரிடம் கேட்டுத்தானே எழுத வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கேட்டிருந்தால் அவரும் இதே விதியைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அப்படியானால் நான் எதற்கு இத்தனை யோசிக்கிறேன்?

இங்கே எங்கள் வார்டில், ராத்திரி டியூட்டியில் எந்த அம்மா கேட்டாலும் நின்று ஜெபித்துவிட்டுப் போகிறேன். இந்து, முஸ்லிம் என்று பார்த்ததில்லை. டிரிப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம், அதற்குமேல் இல்லை. இங்கேயும் நான் கோட்டு போட்டவள்தான், இங்கேயும் மருந்து என் கையில்தான். அங்கே எனக்குப் பெரிதாகத் தெரிந்த காரணம் இங்கே ஏன் தெரிவதில்லை என்று ஒரு நாள் நடுராத்திரி தோன்றியது. அன்றைக்கு என்னைத் தடுத்தது நோயாளி மேல் இருந்த மரியாதை மட்டும்தானா, பயமும் சேர்ந்ததா என்று அதுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பயம் என்றாலும் அது தவறான பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே பயப்படக் காரணம் இருந்தது.

குழந்தை காத்மாண்டு போனது. எக்கோவில் டாக்டர் சொன்னதுதான் இருந்தது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், ஊசியை மட்டும் விடக் கூடாது என்றார்களாம். ஊசிக்குக் கீழே இருக்கிற சுகாதார நிலையத்துக்கு இறங்கிப் போக வேண்டும். ஊர்ச் சுகாதாரத் தன்னார்வப் பெண் நாள் தவறாமல் ஞாபகப்படுத்துகிறாளாம். நடுவில் ஒரு தடவை மருந்து வரவில்லை, எங்களால் அனுப்ப முடியுமா என்று மூப்பர் போனில் கேட்டார். ஏற்பாடு செய்தோம்.

அந்தப் போனில்தான் கேட்டேன், அந்த அம்மாவுக்கு வீட்டில் ஏதாவது பேச்சு வந்ததா என்று. "ஒண்ணும் இல்லை சிஸ்டர்" என்றார். நிலநடுக்கத்தன்று தன் மனைவி உள்ளே இருந்தாள் என்பதைக்கூட எங்களிடம் வாய்விட்டுச் சொல்லாத மனிதர் அவர். பேச்சு வந்திருந்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவையே நேரில் கேட்கலாம் என்று ஒரு எண்ணம். கேட்டால் அது அவளுக்கு இன்னொரு பேச்சாக ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது.